புளியில் ஊறிய வாள்காப்பு

"புரட்டாசி 13, திங்கள். ஏகாம்பரம் வீடு, இரண்டாம் தறி. கரை இழைக் கயிற்றில் எடைக்காகத் தொங்கும் வட்டத் தகடு, உள்ளங்கை அகலம். ஜப்பானிய வாள்காப்பு. செம்பில் சிறிது பொன் கலந்த உலோகம், மேலே கருநீலப் படலம். முன்பக்கம் இரண்டு தும்பிகள், பொன் பதிப்பு. பின்பக்கம் இன்னும் ஆராயவில்லை. வீட்டாரிடம் சொல்லியாயிற்று."

இது என் நோட்டுப் புத்தகத்தில் நானே எழுதியது. தேவிகாபுரம் போகும் பேருந்தில், ஆரணி ஊர் எல்லை தாண்டுவதற்குள் எழுதி முடித்தேன். நாள், கிழமை, இடம் எல்லாம் சரியாக இருக்கும். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. கடைசி வாக்கியம் மட்டும் பொய். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தத் துருவுக்கு என்ன கரைசல், எத்தனை நேரம் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி எந்தப் பொருளைக் காட்டினாலும் முதலில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார். கையை அடக்கினால் போதும், பொருள் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பித்தான் ஓய்வும் பெற்றேன். வாயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனது என் தங்கைக்கு ஒரு புடவை பார்க்க. அவர் பட்டு நெசவாளர், என் வயதுதான். இரண்டு கைத்தறிகள், ஒன்றில் அவர், இன்னொன்றில் அவருடைய மருமகள் செல்வி. நெய்கிறவர் கால் இறக்கி உட்காரத் தரையில் குழி வெட்டிய குழித்தறி. அவர் புடவையின் கரையைத் தூக்கிக் காட்டினார். நான் கரையைப் பார்க்காமல் அதற்குக் கீழே பார்த்தேன். கரை இழைகளை இழுத்துப் பிடிக்கும் இரண்டு சின்னக் கயிறுகள் தொங்கின. ஒன்றின் நுனியில் லாரிச் சக்கரத்து நட்டு. இன்னொன்றின் நுனியில், நடுவில் நீளத் துளையுள்ள ஒரு கருப்புத் தகடு.

"அது இன்னாங்க?" என்றேன்.

"எடை. இந்தாண்ட நட்டு, அந்தாண்ட இது. நான் நெய்ய ஆரம்பிச்ச நாளா தொங்குது. எங்கப்பா பட்டாளத்துலருந்து கொண்டாந்தாரு. பர்மாவா சிங்கப்பூரான்னு அவருக்கே ஞாபகம் இல்ல."

"வாளு?"

"வாள தூக்கிகினு வந்திருந்தா எங்கம்மா வூட்டுக்குள்ள வுட்டிருக்குமா?"

கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். ஜன்னலோரம் கொண்டுபோனேன். பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்க வைக்கும் தகடு அது. ஜப்பானியர் அதை த்சுபா என்பார்கள். பணிக்காலத்தில் ஒருமுறை இப்படிப் பதினோரு தகடுகளோடு நான்கு மாதம் இருந்திருக்கிறேன், அதனால் தயங்கவில்லை. தகட்டின் பரப்பு முழுவதும் மீன் சினை போலப் பொடிப்பொடிப் புள்ளிகள். ஒவ்வொன்றும் குழிந்த முனையுள்ள உளியால் ஒரே தட்டில் எழுப்பியது. வரிசை வரிசையாக, ஓரம் வரை. அதன் மேல் இரண்டு தும்பிகள். இறக்கை நரம்புகூடப் பொன்னில். பரப்பின் கருப்பை வெயிலில் சாய்த்தால் நாவற்பழ நிறம் ஓடியது. அந்தக் கருப்பு அழுக்கும் அல்ல, சாயமும் அல்ல. செம்பில் கொஞ்சம் பொன்னை உருக்கிச் சேர்த்து, பிறகு தாமிர உப்புக் கரைசலில் கொதிக்கவைத்து, உலோகத்தின் தோலிலேயே வரவழைக்கிற நிறம். மயிரிழையைவிட மிக மெல்லியது. அதுதான் அந்த வேலையின் மொத்த அழகும். பொன் தும்பி பறப்பதற்கு அந்த இருட்டு வேண்டும்.

ஏகாம்பரம் நகத்தால் ஒரு வரிசையைத் தொடாமல் தொடர்ந்து போனார். "ஒரு புள்ளிகூட பிசகல. நாங்க டிசைனுக்கு கட்டற மாரி அட்டை கட்டி அடிச்சானா?"

"கைதான். கண் பார்த்து அடிக்கறது."

"செஞ்சவன் பேரு போட்டிருப்பானா?"

"சிலர் போடுவாங்க. இந்த நடுத்துளைய ஒட்டி. முன்பக்கம் பேரு, பின்பக்கம் ஊரோ வருஷமோ. பேரே பின்பக்கம் இருக்கறதும் உண்டு."

"நான் நாப்பது வருஷமா நெய்யறேன் மேடம். ஒரு பொடவையில எம்பேரு கெடையாது. இந்தாளு போட்டிருந்தா பாத்து சொல்லுங்க. யாருன்னு தெரிஞ்சிக்கறேன்."

முன்பக்கத்தில் துளையோரம் கயிறு தேய்த்து வழவழவென்று கிடந்தது, ஒன்றும் இல்லை. பின்பக்கம் எண்ணெயும் பட்டுத் தூசியும் கெட்டியாக அப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கும் உருப்பெருக்காடியும் கொண்டுவந்து நிதானமாகப் பார்க்கிறேன் என்றேன். தும்பிகளை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்தேன். தும்பிகள் அழகாக இருந்தன, அதனால். பின்பக்கத்தை எடுக்கவில்லை.

அப்போது செல்வி டீ கொண்டுவந்தாள். "இன்னா ஆன்ட்டி, அதையே பாத்துகினு கீறீங்க. வெள்ளியா?"

"செம்பும்மா. தங்கம் கலந்திருக்கு."

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். தேவிகாபுரம் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது: கருப்பைத் தொடக் கூடாது. அதைச் சொல்லாமல் பாதி டீயை வைத்துவிட்டுக் கிளம்பினேன். பேருந்தில் உட்கார்ந்து "வீட்டாரிடம் சொல்லியாயிற்று" என்று எழுதினேன்.

புதன்கிழமை, புரட்டாசி 15, ஆயுத பூஜை. தேவிகாபுரத்தில் தங்கை வீட்டு முற்றத்தில் காலையிலேயே அரிவாள், கடப்பாரை, கொத்தனார் கரண்டி எல்லாம் வரிசையாகக் கழுவிக் கிடந்தன. தங்கை ஒரு அன்னக்கூடையில் புளியைக் கரைத்துப் பித்தளை விளக்குகளை ஊறப்போட்டிருந்தாள். நான் தின்பண்டம் எதையோ மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். குத்துவிளக்கின் தலைப்பகுதியைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். போன வருடத்துக் கருப்பு முழுவதும் அவள் கட்டைவிரலோடு வந்துவிட்டது.

"பாத்தியாக்கா, இன்னா பளபளப்பு."

வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு எழுந்தேன். ஆரணியில் எல்லாத் தறி வீடுகளிலும் இந்த நேரத்தில் இதே வேலைதான் நடக்கும். தறியைப் பிரித்து, நாடா, அச்சு, கட்டை, எடை வரை வெளியே எடுத்துக் கழுவி, பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைப்பார்கள். அதே ஊரில் பிறந்தவள் நான். திங்கட்கிழமை எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். மணி அடித்து நின்றது. மூன்று தடவை. தறியைப் பிரித்துப் போட்டிருக்கிற வீட்டில் போன் எந்தத் துணிக்கு அடியில் கிடக்கிறதோ. செல்வியின் எண் என்னிடம் இல்லை.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்தால், நின்றுகொண்டிருந்த ஒரே வண்டிக்குப் பூஜை நடந்துகொண்டிருந்தது. முன்னால் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் பூசி, ஓட்டுநர் பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும்; பழம் ஒன்று குறைந்தது; வாங்கிவரப் போனார்கள். நான் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தேன். பயத்தில் எனக்கு எப்போதும் கணக்குத்தான் ஓடும். முதல் நிமிடம் எண்ணெய்ப் பிசுக்கு தடுக்கும். பிறகு புளியின் அமிலம் படலத்தைத் தளர்த்தும். அதற்குப் பிறகு தளர்ந்தது தேங்காய் நாரின் ஒரு இழுப்பில் வந்துவிடும். உப்பும் போட்டிருந்தால் சீக்கிரம். செல்வி எப்போது தேய்க்க ஆரம்பித்திருப்பாள்? ஏழு மணிக்கா? அப்படியானால் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து மணிக்கா? அப்படியானால் இந்த எலுமிச்சம்பழம் வருவதற்குள் முடியும்.

வண்டி கிளம்பியதும் நடத்துநர் வந்தார். "ஏம்மா, இவ்ளோ பேஜாரா கீறீங்க. ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லப்பா. புளி."

"புளியா?"

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். அந்த டிக்கெட் இன்னும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பயம் வந்த நாள்கள் உண்டு. ஆனால் அங்கே பொருள் என் முன்னால் இருக்கும், நிறுத்தினால் நின்றுவிடும். அந்தப் பேருந்தில் என் வேலை நான் இல்லாத இடத்தில் நடந்துகொண்டிருந்தது. நான் பேசிவிட்டு வந்த அரை வாக்கியம் ஒரு வீட்டுக்குள் புகுந்து, என் கையைவிட வேகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஆரணியில் அந்தத் தெரு முழுவதும் ஈரம். வாசல்தோறும் கழுவிய தறிக்கட்டைகள் சாய்ந்திருந்தன. ஏகாம்பரத்தின் வீட்டுக் குழாயடியில் செல்வி குந்தியிருந்தாள். எதிரில் ஒரு எவர்சில்வர் தட்டு. ஒரு கையில் தேங்காய் நார். தட்டில் வாள்காப்பு, தும்பிகள் கீழே பார்க்க, துளையைச் சுற்றிப் புளி அப்பிக் கிடந்தது. புளியின் மேலே சிவப்பாக ஏதோ தூவியிருந்தது. செங்கல் தூள்.

"செல்வி, கைய எடு."

நான் கத்தவில்லை. ஆனாலும் அவள் நார் கீழே விழும்படி கையை எடுத்தாள்.

"இன்னா ஆன்ட்டி? வெள்ளிக்கெழமதானே வரேன்னீங்க?"

இங்கே நின்று கேளுங்கள். என் உடம்பு முழுவதும் அதைப் பிடுங்கி முந்தானையில் துடைக்கச் சொன்னது. துடைத்திருந்தால் புளியில் தளர்ந்து நின்ற கருப்பும் முந்தானையோடு போயிருக்கும், செங்கல் தூள் கீறியும் இருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எண்ணி ஐந்து மூச்சு. குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் குடிநீர்க் கேன் கேட்டேன். தகட்டின் ஓரத்தை மட்டும் பிடித்துச் சாய்த்து, செல்வியை மெதுவாக ஊற்றச் சொன்னேன். புளி தானாக வழிந்து போகும் வரை. தேய்க்காமல்.

"சோடா மாவு கீது ஆன்ட்டி. போட்டா புளிப்பு ஜல்தியா போய்டும்ல?"

புத்திசாலித்தனமான கேள்வி, அமிலத்துக்குக் காரம். வேண்டாம் என்றேன். ஒன்று கெட்டுப்போன பதற்றத்தில் அதைச் சரிசெய்ய இன்னொன்றை ஊற்றாதீர்கள். முதலாவது என்ன செய்தது என்று தெரியும் வரை வெறும் தண்ணீர் போதும். ஒரு கேன் முழுவதும் ஊற்றினோம். பிறகு பழைய பருத்தித் துணியை விரித்து அதன் மேல் நிறுத்தி வைத்தேன். நிழலில், மின்விசிறிக் காற்றில்.

முன்பக்கம் தப்பியிருந்தது. தும்பிகளும், அவற்றின் இருட்டும். பின்பக்கத்தின் ஓரங்களும் கருப்பாகவே இருந்தன. துளையைச் சுற்றி மட்டும், ஒரு பெரிய எலுமிச்சம்பழ அகலத்துக்கு, புதுச் செம்பு. பச்சைப் புண் மாதிரி.

"மின்னாடி பூச்சிங்க கீதே, போய்டப் போவுதுன்னு பயந்து, பின்னாடி மொதல்ல தேச்சுப் பாத்தேன்," என்றாள் செல்வி. "நல்லா வந்தா அப்புறமா மின்னாடி. தொளைகிட்டதான் அழுக்கு ஜாஸ்தி. அதான் அங்க நெறைய வெச்சேன்."

யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் முதலில் சோதி என்பது நம் தொழிலின் முதல் பாடம். யாரும் சொல்லித்தராமல் அவள் அதைச் செய்திருந்தாள். இந்தப் பொருளில் மட்டும் தெரியாத பக்கம்தான் பெயர் இருக்கக்கூடிய பக்கம். அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

பூவும் பூசணிக்காயும் வாங்கப் போயிருந்த ஏகாம்பரம் அப்போதுதான் உள்ளே வந்தார். பையை இறக்கவில்லை. தகட்டைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"யாரு இதுல புளி வெச்சது?"

செல்வி எழுந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கம்மா இருந்த வரைக்கும் இதுல புளி பட்டதில்ல. இரும்பு, எண்ணெய்தான்னு சொல்லும். நீயும் வருஷா வருஷம் எண்ணெய்தானே தடவுவே?"

"இரும்புன்னு இருந்த வரைக்கும் எண்ணெய்தான் மாமா தடவினேன். தங்கம்னு ஆன்ட்டி சொன்னாங்க. தங்கத்தப் போயி யாராச்சும் கருப்பா சாமிகிட்ட வெப்பாங்களா?"

நாற்பது வருடம் அந்தத் தகடு இரும்பு என்று நம்பப்பட்டதால் பிழைத்திருந்தது. வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய், மற்ற நாளெல்லாம் குழியின் இருட்டு. எந்த ஆய்வுக்கூடமும் அதைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்காது. நான் வந்து அதன் உண்மையான பெயரைச் சொன்னேன். இரண்டே நாள்.

"அவங்க மேல தப்பில்லங்க," என்றேன். "நான் பாதி சொல்லிட்டுப் போயிட்டேன். கருப்புதான் வேலைப்பாடு, தொடாதேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

ஏகாம்பரம் பையை இறக்கினார். "பேரு?" என்றார்.

தகட்டை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். உளிக் கீறல் புளியில் கரையாது. ஆனால் நாற்பது வருடம் கயிறு தேய்த்த இடத்தில் கீறலுக்கு ஆழம் என்று ஒன்று மிஞ்சியிருக்காது. ஆழத்தில் தங்கிய கருப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். கண் அதைப் பிடித்துத்தான் படிக்கும். இப்போது அங்கே எல்லாம் ஒரே செம்பு. துளைக்கு இடப்பக்கம் சில கோடுகள் இருந்தன. நான்கா, ஐந்தா. ஒன்று குறுக்கே போனது.

"தெரியலைங்க."

"திரும்ப கருப்பாக்க முடியாதா ஆன்ட்டி?" செல்வியின் குரல் மிகச் சின்னதாக வந்தது.

முடியும். முள்ளங்கிச் சாற்றில் தோய்த்துத் தாமிர உப்பில் கொதிக்கவைத்தால் நிறம் வரும். சோதனைத் தகடுகளில் நானே செய்திருக்கிறேன். ஒரு வாரத்தில் பின்பக்கம் ஓரளவு பழையபடி ஆகியிருக்கும். பார்க்கிறவர் யாருக்கும் தெரியாது. செல்வியின் முகமும் தெளிந்திருக்கும், என் நோட்டின் கடைசி வாக்கியமும் உண்மை போலாகியிருக்கும். அந்த நாளிலேயே எனக்கு மிகப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது, ஏனென்றால் வாய் கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டது. புது நிறம் ஏறினால் அந்த நான்கைந்து கோடுகளும் அதற்குள் மூழ்கிவிடும். பிறகு வேறு எந்த விளக்கிலும், வேறு எவர் கண்ணுக்கும், கேள்விகூட மிஞ்சாது.

"முடியும். ஆனா வேணாம்மா. இப்படியே இருக்கட்டும்."

சாயங்காலம் பூஜைக்கு எல்லாப் பொருள்களையும் வைத்தார்கள். செல்வி சந்தனக் கிண்ணத்தோடு தகட்டின் முன்னால் தயங்கி நின்றாள். ஈரச் சந்தனமும் குங்குமமும் அந்தப் புதுச் செம்பில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்கு மறுபடி கணக்கு ஓடியது.

"பொட்டு வெக்காம எப்படி?" என்றார் ஏகாம்பரம். "நட்டுக்கே வெச்சாச்சு."

என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தகட்டின் கீழே விரித்தேன். செல்வி தாளின் ஓரத்தில் பொட்டு வைத்தாள். ஏகாம்பரம் அதைப் பார்த்துவிட்டு, "மியூசியம் மேடம் சாமிகிட்டயும் பேரம் பேசறாங்க," என்று சிரித்தார். அன்று அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

வெள்ளிக்கிழமை விளக்கும் உருப்பெருக்காடியுமாகப் போனேன். ஒளியைத் தகட்டின் பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பாய்ச்சி நான்கு பக்கத்திலிருந்தும் பார்த்தேன், படம் எடுத்தேன். ஜப்பானிய உலோக வேலை தெரிந்த, என்னோடு முன்பு பணியாற்றிய ஒருவருக்கு அனுப்பினேன். படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. திங்கட்கிழமை எடுத்த படம் இருக்கிறதா என்றும் கேட்டிருந்தார். தும்பிகளின் படத்தை அனுப்பினேன்.

ஏகாம்பரத்தின் முன்னாலேயே உட்கார்ந்து சேதக் குறிப்பு எழுதினேன். "சேதத்தின் காரணம்" என்ற இடத்தில் புளி, செங்கல் தூள் என்று எழுதி, அதற்கு மேலே என் பெயரையும், சொல்லாமல் விட்ட வாக்கியத்தையும் எழுதினேன். செல்வியின் பெயர் அதில் இல்லை. "செய்தவர் பெயர்" என்ற இடத்தில் பேனா நின்றது. வழக்கமாக அந்த இடத்தில், ஒன்றும் தெரியாதபோது, இல்லை என்று ஒரு கோடு போட்டுவிடுவோம்.

தறியில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். தகடு இருந்த கயிற்றில் இப்போது இன்னொரு நட்டு தொங்கியது.

"இல்லன்னு எழுதிடாதீங்க மேடம்," என்றார். "எம்பொடவையப் பாத்தாலும் இல்லன்னுதான் எழுதுவாங்க."

எழுதவில்லை. அந்த இடத்தில் இருப்பது இதுதான்: பின்பக்கம், நடுத்துளைக்கு இடப்புறம், நான்கு அல்லது ஐந்து கோடுகள். செய்தவர் எழுத்தா, நாற்பது வருடக் கயிறா, புதன்கிழமைக் காலையின் செங்கல் தூளா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.